பக்கத்துல பெரிய கடை திறந்துட்டாங்களா? தள்ளுபடி போர்டை இறக்குங்க, ஒரு நோட்டு வாங்குங்க

கடைத்தெருவுக்கு பக்கத்துல பெரிய செயின் கடை வரப்போகுதுன்னு சேதி காதுல விழுந்ததும் சின்ன கடைக்காரங்க பண்ற முதல் வேலை வாசல்ல தள்ளுபடி போர்டு மாட்டுறது. தப்பு சொல்லல, நானும் மாட்டுனவன்தான். பல வருஷம் ஹார்டுவேர் கவுண்டருக்கு பின்னாடி நின்ன ஆளு நான், அந்த போர்டை ஏழாவது வாரம் நானே ஏணி போட்டு ஏறி கழட்டுனேன். ஏன்னா கணக்கு இடிச்சுது. 100க்கு விக்கிற பொருளோட அடக்கம் 80னு வச்சுக்கோங்க, கைல நிக்கிறது 20. அதுல 10 சதவீதம் தள்ளுபடி குடுத்தா 90க்கு போகுது, நிக்கிறது 10 தான். அப்போ பழைய காசே கல்லாவுக்கு வரணும்னா ரெண்டு மடங்கு விக்கணும், ரெண்டு மடங்கு சரக்கு இறக்கணும், ரெண்டு மடங்கு பேருக்கு பில்லு போடணும். ஆசைப்பட்டு 15 சதவீதம் குடுத்துட்டீங்கன்னா நாலு மடங்கு. அதே தள்ளுபடியை பெரிய கடைக்காரன் சப்ளையர்கிட்டயே வாங்கிட்டு வந்து குடுக்குறான், அவனுக்கு வலிக்காது, நமக்கு எலும்பு தெரிய ஆரம்பிச்சுடும்.

அதனால விலைல மோதாதீங்க. சரி வேற எதுல மோதுறதுன்னு கேட்டா எல்லாரும் "சர்வீஸ் குடுங்க, அன்பா பேசுங்க"ன்னு சொல்லுவாங்க, கேக்க நல்லா இருக்கும், காலைல ஷட்டர் தூக்குன பிறகு என்ன செய்யணும்னு மட்டும் யாரும் சொல்ல மாட்டாங்க. நான் அதை சொல்லத்தான் உக்காந்திருக்கேன்.

முதல்ல ஒரு பழைய கதை, ஏன்னா இது தெரிஞ்சாதான் மிச்சம் புரியும். ஒரு காலத்துல கடைன்னாலே கவுண்டருக்கு இந்த பக்கம் கஸ்டமர், அந்த பக்கம் கடை ஆள், நீங்க கேப்பீங்க அவர் எடுத்து குடுப்பார், அவ்வளவுதான். 1916ல அமெரிக்காவுல மெம்ஃபிஸ்ங்கிற ஊர்ல கிளாரன்ஸ் சாண்டர்ஸ்னு ஒருத்தர் பிக்லி விக்லின்னு ஒரு கடை திறந்தார். அதுல கஸ்டமரே கூடையை தூக்கிட்டு ரேக் ரேக்கா சுத்தி எடுத்துட்டு கடைசியில வந்து காசு கட்டணும். எடுத்து குடுக்க ஆள் வேண்டாம், அந்த சம்பளம் மிச்சம், அதனால விலை குறைவு. இன்னைக்கு இருக்குற எல்லா பெரிய கடையும் அந்த வழில வந்ததுதான். அதாவது கவுண்டருக்கு பின்னாடி நின்ன அந்த ஆளை தூக்கிட்டுத்தான் அவங்க விலையை குறைச்சாங்க. ஒருத்தன் வேணாம்னு தூக்கிப் போட்டுட்டு போனதை வச்சுத்தான் நாம பொழைக்கணும், அதை மறுபடி அவன் வாங்கணும்னா அவனோட கணக்கே உடைஞ்சுடும்.

கவுண்டருக்கு பின்னாடி நின்ன அந்த ஆள்கிட்ட ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒன்னு ஞாபகம், யார் வந்தாங்க என்ன வாங்குனாங்க எதுக்கு வாங்குனாங்கன்னு. இன்னொன்னு அந்த நிமிஷமே முடிவு எடுக்குற அதிகாரம். நான் சொல்லப்போற எல்லாமே இந்த ரெண்டுக்குள்ள அடங்கிடும், இதுல ஞாபகம்தான் பெருசு, அதனால அதை கொஞ்சம் விலாவாரியா சொல்றேன்.

நோட்டு

ஞாபகம்னா மூளைல வச்சுக்கறதுன்னு நினைச்சுட்டா போச்சு. மனுஷனால கிட்டத்தட்ட 150 பேரோடதான் உறவை கைக்குள்ள வச்சுக்க முடியும்னு ராபின் டன்பார்ங்கிற ஆராய்ச்சியாளர் 1990கள்ல சொன்னார், அந்த எண்ணு சரியா தப்பான்னு இன்னைக்கும் சண்டை போட்டுக்கறாங்க, எனக்கு அந்த சண்டை வேண்டாம், என் கவுண்டர்ல அந்த எண்ணு அம்பதுலயே முட்டிக்கிச்சு. அதனால எழுதணும். சாதாரண நோட்டு போதும், கம்ப்யூட்டர்ல போட்டா இன்னும் நல்லது, ஆனா கம்ப்யூட்டர்ல போடலாம்னு ஆறு மாசம் சாஃப்ட்வேர் தேடிட்டு எதுவுமே எழுதாம விட்ட ஆளுங்களை பாத்திருக்கேன்.

எப்படி எழுதறதுன்னு ஒன்னு காட்டுறேன். ஒருத்தர் தேஞ்சு போன குழாய் வாஷரை பேப்பர்ல மடிச்சு எடுத்துட்டு வர்றார்.

"அண்ணே, இதே மாதிரி ஒன்னு வேணும்."

"குடுங்க பாப்போம். சமையக்கட்டு குழாயா, பாத்ரூமா?"

"சமையக்கட்டு. ராத்திரி பூரா சொட்டுது, தூங்க முடியல."

"மூடும்போது இறுக்கி திருகுறீங்களா சார்?"

"ஆமா, அப்படி திருகுனாதான் நிக்குது."

"அப்போ வாஷர் மட்டும் மாத்துனா சீக்கிரமே மறுபடி சொட்ட வாய்ப்பு இருக்கு சார். உள்ள வாஷர் உக்கார்ற இடம் தேஞ்சிருந்தா புதுசையும் அரிச்சுடும். கழட்டிட்டு விரலை விட்டு தடவி பாருங்க, வழவழன்னு இருந்தா இந்த வாஷரே போதும், சொரசொரன்னு இருந்தா வாங்க, வேற வழி சொல்றேன்."

விக்கிறது ஒரே ஒரு வாஷர், காசுன்னு சொல்ற அளவுக்கு கூட இல்ல. அவர் போனதும் நோட்டுல ஒரு வரி: மாடி வீட்டு சார், சமையக்கட்டு குழாய், அரை இன்ச் வாஷர், சீட் தேஞ்சிருக்கலாம், கேக்கணும். அவ்வளவுதான். மூணு வாரம் கழிச்சு அவர் பல்பு வாங்க வர்றார், நீங்க பல்பை எடுத்துக்கிட்டே "சார், அந்த சமையக்கட்டு குழாய் நின்னுச்சா?"ன்னு கேக்குறீங்க. அந்த ஒரு கேள்வியை எந்த பெரிய கடையாலயும் கேக்க முடியாது, அவங்க கம்ப்யூட்டர்ல அவர் வாங்குன வாஷரோட நம்பர் இருக்கும், ராத்திரி பூரா தூங்காம இருந்தாருங்கறது இருக்காது.

நோட்டுல கவனிச்சீங்கன்னா நான் எழுதுனது என்ன வாங்குனார்ங்கறது இல்ல, எதுக்கு வாங்குனார்ங்கறது. இந்த வித்தியாசம்தான் எல்லாம். செருப்பு கடைன்னா சைஸை மட்டும் எழுதாதீங்க, இடது கால் கொஞ்சம் பெருசு, நின்னுக்கிட்டே வேலை பாக்குறவங்கன்னு எழுதுங்க. துணிக்கடைன்னா தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்தாங்கன்னு எழுதுங்க. புத்தகக் கடைன்னா பையனுக்கு படிக்க பிடிக்காது, படம் நிறைய இருந்தா புரட்டுறான்னு எழுதுங்க. அடுத்த தடவை புது சரக்கு வரும்போது நோட்டை புரட்டுனா இது யாருக்கு பொருந்தும்னு உங்களுக்கே தெரியும், அவங்களுக்கு மட்டும் ஒரு போன் பண்ணுங்க. இருநூறு பேருக்கும் ஒரே மெசேஜ் தட்டி விடுறதை விட நாலு பேருக்கு போன் பண்றது மேல்.

எழுதக்கூடாதது என்னன்னும் சொல்லிடுறேன். வியாதி, வீட்டு சண்டை, கடன் தொல்லை, இதெல்லாம் கவுண்டர்ல நின்னு புலம்புவாங்க, கேட்டுக்கங்க, எழுதாதீங்க. ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர்கிட்ட எடுத்துப் பேசவே பேசாதீங்க. நெருங்கிப் பழகுற கடைக்கும் வம்பு பேசுற கடைக்கும் நடுவுல ஒரு மெல்லிசு கோடுதான் இருக்கு, அதை ஒரு தடவை தாண்டுனா சேதி தெரு முழுக்க போயிடும். போன் நம்பர் வாங்கும்போது எதுக்குன்னு சொல்லி வாங்குங்க, எடுத்துடுங்கன்னு சொன்னா அப்பவே அவங்க முன்னாடியே அடிச்சுடுங்க. ஐரோப்பாவுல 2018 மே மாசத்துல இருந்து இதுக்கு சட்டமே கடுமையா இருக்கு, சட்டம் இல்லாத இடத்துலயும் மரியாதைன்னு ஒன்னு இருக்கே.

வாசல்ல நுழையும்போது

இதுல பேச பெருசா ஒன்னும் இல்ல. தலையை தூக்கி பாருங்க, கைல வேலை இருந்தா "வாங்க, ரெண்டு நிமிஷம், இவரை அனுப்பிட்டு வந்துடுறேன்"னு சொல்லுங்க. போனை கீழ வைங்க. பின்னாடியே போய் "என்ன வேணும் என்ன வேணும்"னு தொத்திக்காதீங்க, சிலருக்கு சும்மா சுத்தி பாக்கணும். ஆனா ஒன்னு, பழைய கஸ்டமரை கொண்டாடுற வேகத்துல புதுசா வந்தவரை நிக்க வைக்காதீங்க. தெரிஞ்சவங்க மட்டும் சிரிச்சு பேசிக்கிற கடைக்குள்ள முதல் தடவை நுழையுறது யாரோ வீட்டு விசேஷத்துக்குள்ள தப்பா நுழைஞ்ச மாதிரி இருக்கும், அவர் திரும்ப வர மாட்டார், ஏன் வரலைங்கறதும் உங்களுக்கு தெரியாது.

"இது உங்களுக்கு வேண்டாம்"

நான் கத்துக்க ரொம்ப நாள் ஆன பாடம் இது. கஸ்டமர் கேட்ட பொருள் அவர் வேலைக்கு சரிவராதுன்னு தெரிஞ்சா வேண்டாம்னு சொல்லிடுங்க, விலை கூடினதை எடுக்க வந்தவருக்கு விலை குறைஞ்சதே போதும்னா அதை எடுத்து குடுங்க, நம்மகிட்ட இல்லாத பொருள்னா எந்த கடைல கிடைக்கும்னு சொல்லி அனுப்புங்க, அது நம்ம போட்டிக்கடையா இருந்தாலும். முடிஞ்சா அந்த கடைக்கு போன் போட்டு இருக்கான்னு கேட்டுட்டு அனுப்புங்க, அவர் அலைய வேண்டாம். முதல் தடவை இதை செய்யும்போது வயிறு எரியும், பொய் சொல்ல மாட்டேன். ஆனா ஒருத்தருக்கு ஒரு தடவை வேண்டாம்னு சொல்லிட்டீங்கன்னா, அதுக்கு அப்புறம் நீங்க "இதை எடுங்க"ன்னு சொல்றதை அவர் கேள்வி கேக்காம எடுப்பார். வேண்டாம்னு சொல்லவே தெரியாத கடைக்காரன் எதை எடுங்கன்னு சொன்னாலும் அது விக்கிறதுக்கு சொல்றதுதான்னு எல்லாருக்கும் தெரியும்.

இதோட ஒட்டுன இன்னொன்னு, கடைக்குள்ள நின்னுக்கிட்டே போன்ல ஆன்லைன் விலை பாக்குறவங்க. நிறைய கடைக்காரங்களுக்கு இவங்களை பாத்தாலே ரத்தம் கொதிக்குது, ஒரு சிலர் போனை உள்ள வைங்கன்னு கூட சொல்லிடுறாங்க. சொல்லாதீங்க. பக்கத்துல போய் நீங்களும் அந்த ஸ்க்ரீனை பாருங்க. "இதே மாடல்தான் சார், விலை அங்க கம்மிதான், டெலிவரி எத்தனை நாள்னு போட்டிருக்கான் பாருங்க, ரிட்டர்ன் எப்படின்னு பாருங்க. இங்க எடுத்தீங்கன்னா நானே மாட்டி ஓட்டி காட்டிடுவேன், சரியில்லைன்னா என்கிட்டதான் கொண்டுட்டு வரப்போறீங்க." உள்ளதை உள்ளபடி சொல்லிட்டு விலகிடுங்க. சில பேர் ஆன்லைன்லதான் வாங்குவாங்க, வாங்கட்டும், அதை மாட்ட தெரியாம உங்ககிட்ட வரும்போது முகம் சுளிக்காம மாட்டி குடுத்துட்டு கூலியை நியாயமா வாங்குங்க. வெறும் அறிவுரைக்கு காசு இல்ல, ஆனா கை வேலைக்கு காசு உண்டுன்னு ஒரு சின்ன போர்டு வச்சுட்டா ரெண்டு பக்கமும் சங்கடம் இல்ல.

முடிவு எடுக்குற அதிகாரம்

ஒரு நாள் நான் வெளிய போயிருந்த நேரத்துல கடைல இருந்த பையன் ஒருத்தருக்கு மரத்துக்கு போடுற டிரில் பிட்டை குடுத்துட்டான், அவர் போய் கான்கிரீட் சுவத்துல வச்சு அழுத்தியிருக்கார், பிட்டு முனை மழுங்கி கருகி போச்சு. கோவமா திரும்ப வந்தார். பையன் என்ன சொன்னான்னா "முதலாளி வரணும் சார்". ஒரு மணி நேரம் கழிச்சு நான் வந்தேன், அவர் இல்ல, அதுக்கு அப்புறம் என் கடைல அவரை நான் பாக்கவே இல்ல. தப்பா குடுத்தது பையனோட தப்புன்னு அன்னைக்கு திட்டுனேன், யோசிச்சு பாத்தா தப்பு என்னோடது. மாத்தி குடுக்க அவனுக்கு நான் அதிகாரமே குடுக்கல. பெரிய கடைக்கும் நமக்கும் இருக்குற வித்தியாசமே இங்க மேனேஜர், தலைமை ஆபீஸ், படிவம் எதுவும் இல்லைங்கறதுதான், அதையும் நானே கெடுத்து வச்சிருந்தேன்.

அன்னைல இருந்து கல்லாவுக்கு உள்பக்கம் ஒரு தொகையை எழுதி ஒட்டுனேன். அந்த தொகை வரைக்கும் யார் கவுண்டர்ல நிக்கிறாங்களோ அவங்களே மாத்தி குடுக்கலாம், காசை திருப்பி குடுக்கலாம், யாரையும் கேக்க வேண்டாம். குடுத்துட்டு நோட்டுல எழுதணும், அது ஒன்னுதான் நிபந்தனை. எவ்வளவு தொகைங்கறது உங்க கடையை பொறுத்தது, ஒரு நாள் லாபத்துல நீங்க விட்டாலும் தூக்கம் கெடாத அளவுன்னு வச்சுக்கோங்க.

தப்பை நல்லபடியா சரி செஞ்சா கஸ்டமருக்கு முன்னாடி இருந்ததை விட பிடிப்பு கூடும்னு ஒரு பேச்சு உண்டு, 1990கள்ல இருந்து இதை ஆராய்ச்சியே பண்ணிக்கிட்டு இருக்காங்க, முடிவு ஒரு பக்கமா வரல. என் அனுபவத்துல அது முதல் தடவைக்கு உண்மை. அதே ஆளுக்கு அதே தப்பு ரெண்டாவது தடவை நடந்துச்சுன்னா நீங்க என்ன குடுத்து சமாளிச்சாலும் ஓட்டை அடைக்க முடியாது. அதனால மன்னிப்பு கேக்குற திறமையை வளத்துக்கறதை விட டிரில் பிட்டு டப்பா மேல பெருசா "மரம்", "சுவர்"னு எழுதி ஒட்டுறது உத்தமம், நான் சாயங்காலமே ஒட்டுனேன்.

வேலை பாக்குறவங்களை பத்தி இன்னும் ஒரு வார்த்தை. ஞாபகம் எல்லாம் முதலாளி தலைக்குள்ள மட்டும் இருந்தா முதலாளிக்கு காய்ச்சல் வந்த அன்னைக்கு கடைக்கும் காய்ச்சல். நோட்டு எல்லாருக்கும் பொது, எல்லாரும் எழுதணும், எல்லாரும் படிக்கணும். ஒரு பையன் நாலஞ்சு வருஷம் அதே கவுண்டர்ல நின்னான்னா அவன்கிட்ட இருக்குறது உங்க கடையோட பாதி சொத்து, அவனுக்கு சம்பளம் கூட்டி குடுக்குறதா தள்ளுபடி போர்டு மாட்டுறதான்னு கேட்டா யோசிக்காம சம்பளத்தை கூட்டுங்க.

ஸ்டாம்ப் கார்டு

பத்து தடவை வாங்குனா ஒன்னு இலவசம்ங்கற கார்டு போடலாமான்னு கேக்குறாங்க. அடிக்கடி வர்ற மாதிரி கடைன்னா போடலாம். 2006ல நூன்ஸ், ட்ரேஸ்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் கார் கழுவுற இடத்துல ஒரு சோதனை பண்ணி எழுதுனாங்க, ரசிக்கும்படியா இருக்கும். பாதி பேருக்கு எட்டு கட்டம் உள்ள வெறும் கார்டு, மீதி பேருக்கு பத்து கட்டம், ஆனா ரெண்டு ஏற்கனவே ஸ்டாம்ப் குத்தி. ரெண்டுலயும் மிச்சம் குத்த வேண்டியது எட்டுதான். வெறும் கார்டு வாங்குனவங்கள்ல 19 சதவீதம் பேர் முடிச்சாங்க, ரெண்டு குத்தி குடுத்தவங்கள்ல 34 சதவீதம். கொஞ்ச தூரம் ஏற்கனவே வந்தாச்சேங்கற நினைப்பு இழுத்துட்டு வருது. செய்ங்க, தப்பில்ல, ஆனா இதை பெரிய கடையும் செய்யும், உங்களை விட அழகா ஆப்லயே செய்யும், அதனால இதுல ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்க. நோட்டுக்கு இது ஈடு ஆகாது.

தெரு

கடையை மட்டும் நல்லா வச்சுக்கிட்டு தெரு செத்துப்போச்சுன்னா ஒன்னும் பண்ண முடியாது, இதை நிறைய பேர் கவனிக்கிறதில்ல. பக்கத்துக் கடையை போட்டியா பாக்குறோம், உண்மைல அவங்க வாசலுக்கு வர்ற ஆள்தான் நம்ம வாசலையும் தாண்டிப் போறார். அமெரிக்காவுல ஊர் நடு கடைத்தெருவெல்லாம் ஊருக்கு வெளிய கட்டுன மால்களால காலியாகிட்டு வந்தப்போ, 1977ல பழைய கட்டடங்களை பாதுகாக்குற ஒரு அமைப்பு மூணு சின்ன ஊர்களை எடுத்து சோதனை பண்ணுச்சு, 1980ல அது மெயின் ஸ்ட்ரீட்னு பெரிய திட்டமாவே ஆச்சு. அதுல எனக்கு பிடிச்ச விஷயம், ஒவ்வொரு ஊர் கடைத்தெருவுக்கும் ஒரு முழு நேர ஆளை போட்டாங்க. மாலுக்கு மேனேஜர் இருக்கார், தெருவுக்கு ஏன் இருக்கக்கூடாதுங்கற நினைப்பு. உங்களால ஆள் போட முடியாதுன்னா பத்து கடைக்காரங்க மாசம் ஒரு தடவை அரை மணி நேரம் உக்காந்தா போதும், பேச வேண்டியது மூணு நாலு விஷயம்தான். எல்லாரும் ஒரே நேரத்துக்கு திறக்குறோமா, சாயங்காலம் எத்தனை மணி வரைக்கும் லைட் எரியுது, வண்டி நிறுத்த கஸ்டமருக்கு இடம் இருக்கா இல்ல நாமளே காலைல இருந்து நம்ம வண்டியை நிறுத்தி அடைச்சு வச்சிருக்கோமா. இந்த கடைசி விஷயத்துல பத்துக்கு பத்து பேரும் குற்றவாளி, நான் உட்பட.

நேரம் ரொம்ப முக்கியம். வேலைக்கு போறவங்க வீடு திரும்புறதுக்கு முன்னாடி நாம ஷட்டரை இறக்கிட்டு, ஜனங்க எல்லாம் ஆன்லைன்லயே வாங்குறாங்கன்னு புலம்புனா யார் மேல தப்பு. வாரத்துல ஒரு நாளாவது தெரு முழுக்க சேந்து லேட்டா மூடுங்க, ஒரு கடை மட்டும் திறந்து வச்சா பிரயோஜனம் இல்ல, இருட்டு தெருவுல ஒரு கடைக்காக யாரும் வர மாட்டாங்க.

அப்புறம் கடைக்குள்ள ஆளுங்க சும்மா வந்து நிக்கிறதுக்கு ஒரு காரணம் குடுங்க. வீடும் இல்லாம வேலை இடமும் இல்லாம மனுஷங்க சேர்ற மூணாவது இடம்னு ரே ஓல்டன்பர்க்ங்கிற சமூகவியலாளர் 1989ல ஒரு பேர் வச்சார், கடைக்கு அந்த குணம் இயல்பாவே உண்டு. புத்தகக் கடைங்க இதுல நல்ல உதாரணம். 1995ல இருந்து 2000க்குள்ள அமெரிக்காவுல தனியார் சின்ன புத்தகக் கடைகள் எண்ணிக்கை 43 சதவீதம் விழுந்துச்சு, கதை முடிஞ்சுதுன்னுதான் எல்லாரும் நினைச்சாங்க. ஆனா அவங்க சங்கத்து கணக்குப்படி 2009ல 1,651 இருந்த கடை 2018ல 2,470 ஆச்சு. எப்படின்னு ஹார்வர்ட்ல ரயான் ரஃபேலி ஆராய்ஞ்சு பாத்து சொன்ன காரணம் சுருக்கமா இதுதான்: ஊர்க்காரங்களோட ஒட்டி இருந்தாங்க, எதை வைக்கணும்னு பாத்து பொறுக்கி வச்சாங்க, கடையை கூட்டம் கூடுற இடமா ஆக்குனாங்க. இதுல வேடிக்கை என்னன்னா பெரிய செயினே சின்ன கடை மாதிரி நடந்துதான் பிழைச்சுது. இங்கிலாந்துல வாட்டர்ஸ்டோன்ஸ் தள்ளாடிட்டு இருந்தப்போ 2011ல பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் டான்ட், பதிப்பகங்கள் காசு குடுத்து முன்வரிசை இடத்தை பிடிக்கிற வழக்கத்தை நிறுத்திட்டு, எந்த புத்தகத்தை முன்னாடி வைக்கணும்னு அந்தந்த கிளைக்காரங்களே பாத்துக்கட்டும்னு விட்டுட்டார். அவரும் அதுக்கு முன்னாடி சின்ன புத்தகக் கடை நடத்துன ஆளுதான்.

எங்களை மாதிரி ஹார்டுவேர்காரங்களுக்கு ரிப்பேர் சாயங்காலம்தான் பொருத்தம். 2009ல ஆம்ஸ்டர்டாம்ல மார்ட்டீன் போஸ்ட்மாங்கிறவங்க ஆரம்பிச்ச ரிப்பேர் கஃபே இன்னைக்கு பல நாட்டுல நடக்குது, உடைஞ்ச சாமானை கொண்டு வருவாங்க, கைவேலை தெரிஞ்சவங்க கூட உக்காந்து சேந்து சரி பண்ணுவாங்க, கூலி கிடையாது. மாசம் ஒரு தடவை கடை மூடுன பிறகு ரெண்டு மேஜை போட்டு இதை நடத்தலாம். ஒரே ஒரு விதி, அந்த ரெண்டு மணி நேரம் எதையும் விக்காதீங்க. ஸ்க்ரூ வேணும்னா சும்மா குடுங்க. முதல் தடவை மூணு பேர்தான் வருவாங்க, அதுல ஒருத்தர் உங்க மச்சானா இருப்பார். மூணு மாசம் விடாம நடத்துனாதான் ஜனங்க நம்பும், ஒரு தடவை நடத்தி போட்டோ எடுத்து போட்டுட்டு விட்டா நடத்தாமலே இருந்திருக்கலாம்.

இதுல வர்ற லாபம் எங்கன்னா, வந்தவங்க ஒருத்தரை ஒருத்தர் தெரிஞ்சுக்கறாங்க. மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியலாளர் 1973ல எழுதுனது, நெருங்கின சொந்தபந்தத்தை விட அரைகுறையா தெரிஞ்ச பழக்கம்தான் புது சேதியை கொண்டு வரும்னு, வேலை கிடைக்கிறது கூட அப்படித்தான்னு அவர் காட்டுனார். சின்ன கடை அந்த மாதிரி அரைகுறை பழக்கங்களோட ஜங்ஷன். வாடகைக்கு வீடு தேடுறவர், பெயின்டர் தேடுறவர், பழைய சைக்கிள் விக்கிறவர் எல்லாரும் கவுண்டர்ல சொல்லிட்டுத்தான் போறாங்க. இவரை அவர்கிட்ட கோத்து விடுங்க, கமிஷன் வாங்காதீங்க. கமிஷன் வாங்க ஆரம்பிச்ச நாள்ல இருந்து நீங்க புரோக்கர், கடைக்காரர் இல்ல. சும்மா கோத்து விட்டா அந்த பெயின்டர் பெயின்ட் எங்க வாங்குவார்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

வாட்ஸ்அப் குரூப் வச்சா வாரத்துக்கு ஒரு மெசேஜ், அதுவும் உபயோகமா, மழைக்கு முன்னாடி மொட்டைமாடி தண்ணி போற வாயை சுத்தம் பண்ணிடுங்கங்கற மாதிரி. தினம் குட்மார்னிங் அனுப்புனா மியூட் போட்டுடுவாங்க, மியூட் போட்டதும் நீங்க செத்த மாதிரிதான்.

பண்ணக்கூடாதது ஒன்னு

"எங்ககிட்ட வாங்குனா காசு ஊர்லயே சுத்தும், அங்க வாங்குனா வெளிய போயிடும்"னு கஸ்டமருக்கு பாடம் எடுக்காதீங்க. விஷயம் பொய்னு சொல்லல, 2002ல அமெரிக்காவுல ஆஸ்டின் நகரத்துல பண்ண ஒரு ஆய்வுல, உள்ளூர் கடைல செலவாகுற 100ல 45 அந்த ஊர்ப் பொருளாதாரத்துல நிக்குது, செயின் கடைன்னா 13தான்னு கணக்கு போட்டிருக்காங்க. இந்த எண்ணை ஊர் நிர்வாகத்துகிட்ட பேசும்போது எடுத்துட்டு போங்க, கடைத்தெருவுக்கு லைட்டும் நடைபாதையும் கேக்கும்போது உதவும். கவுண்டர்ல வேண்டாம். ஒருத்தரை குற்ற உணர்ச்சில ஒரு தடவை வாங்க வைக்கலாம், ரெண்டாவது தடவை உங்க கடைப்பக்கம் வராம எதிர் சாரில நடந்து போவார், நீங்க பாத்துடுவீங்களோன்னு. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் 2010ல ஆரம்பிச்ச சின்ன கடைகளுக்கான சனிக்கிழமை மாதிரி ஒரு நாள் கொண்டாட்டம்லாம் நல்லதுதான், புது முகம் வரும், அந்த புது முகத்தை நோட்டுல ஏத்தலைன்னா அடுத்த சனிக்கிழமை எல்லாம் பழைய கதைதான்.

இத்தனையும் செஞ்சாலும் நடக்காத இடமும் இருக்கு, அதையும் சொல்லணும். ஸ்டாக்கே இல்லாம சிரிப்பை மட்டும் வச்சு கடை நடத்த முடியாது, தினம் கேக்குற இருபது பொருள் எப்பவும் ரேக்ல இருக்கணும், நாளைக்கு வாங்கங்கறதை ரெண்டு தடவைக்கு மேல சொன்னா அவர் மூணாவது தடவை கேக்க மாட்டார். அந்த இருபது பொருளோட விலையாவது பெரிய கடைக்கு பக்கத்துல இருக்கட்டும், ஜனங்களுக்கு விலை மனப்பாடமா தெரியுறது அதுலதான், மத்ததுல கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்க. வாடகை உங்க வியாபாரத்தையே முழுங்குதுன்னா அதுக்கு நோட்டுல மருந்து இல்ல, கடை ஓனர்கிட்ட பேசணும் இல்ல இடம் மாத்தணும்.

ஆரம்பிக்கணும்னா நாளைக்கே ஆரம்பிக்கலாம், முதல் வாரம் ஒரு நாளைக்கு அஞ்சு பேர் போதும், ஷட்டர் இறக்குறதுக்கு முன்னாடி அஞ்சு நிமிஷம் உக்காந்து எழுதுங்க, மறுநாள் காலைல திறந்ததும் முந்தின நாள் பக்கத்தை ஒரு தடவை படிங்க. நோட்டு வாங்கும்போது பெரிய சைஸா வாங்கி கல்லா பக்கத்துல கயிறு போட்டு கட்டிடுங்க. சட்டைப்பைல வைக்கிற சைஸ் வேண்டவே வேண்டாம், துவைக்க போட்டுடுவீங்க, நான் ரெண்டு தடவை போட்டேன்.